நிலக்கரி நிலையத்தை மூடினால் அதன் வேலையை யார் பார்ப்பது? பிரிட்டனின் கணக்கு

2024 செப்டம்பர் 30 அன்று இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயரில் உள்ள ராட்கிளிஃப்-ஆன்-சோர் அனல் மின் நிலையம் ஓட்டத்தை நிறுத்தியது. பிரிட்டனில் மிச்சமிருந்த ஒரே நிலக்கரி மின் நிலையம் அதுதான். 1882-ல் லண்டன் ஹோல்பர்ன் வயடக்டில் எடிசனின் ஆட்கள் நிலக்கரி மின்சாரத்தைத் தொடங்கிவைத்தார்கள். அங்கிருந்து கணக்கிட்டால் 142 ஆண்டுகள். ஜி-7 நாடுகளில் நிலக்கரி மின்சாரத்தை முழுதாக விட்ட முதல் நாடு பிரிட்டன்.

இந்தச் செய்தியை வைத்து இரண்டு விதமான பேச்சு இன்றும் ஓடுகிறது. காற்றாலையும் சோலாரும் நிலக்கரியைத் தோற்கடித்துவிட்டன என்கிறது ஒரு தரப்பு. கரியை விட்டுவிட்டுக் கேஸுக்கு (இயற்கை எரிவாயுவுக்கு) தாவியிருக்கிறார்கள், வேறொன்றுமில்லை என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் "நிலக்கரிக்குப் பதில் என்ன?" என்று ஒற்றைக் கேள்வியாகக் கேட்கும்வரை இந்தச் சண்டை தீராது. ஒரு நிலக்கரி நிலையம் ஒரே சமயத்தில் நான்கு வேலைகளைப் பார்க்கிறது. நான்குக்கும் பதில் ஆள் வேறு வேறு. நான்காவது வேலைக்கு பிரிட்டனில் இன்னும் சரியான ஆள் கிடைக்கவில்லை.

முதலில் இரண்டு அளவுகள்

மெகாவாட் என்பது ஒரு நிலையம் ஒரு நொடியில் எவ்வளவு வலுவாகத் தள்ள முடியும் என்பதற்கான அளவு. யூனிட் என்பது அப்படித் தள்ளிய மின்சாரம் மொத்தம் எவ்வளவு என்பது. வீட்டு மீட்டரில் ஓடுவது இதுதான். 1 மெகாவாட் வலுவில் ஒரு மணி நேரம் ஓடினால் 1,000 யூனிட். ராட்கிளிஃபின் திறன் சுமார் 2,000 மெகாவாட், அதாவது 500 மெகாவாட் அலகுகள் நான்கு. ஒரு முழு நாள் நிற்காமல் ஓடினால் 4.8 கோடி யூனிட் கிடைக்கும்.

காற்றாலை பற்றிய செய்திகளில் குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் நுழைகிறது. 2,000 மெகாவாட் நிலக்கரிக்கு ஈடாக 2,000 மெகாவாட் காற்றாலை நிறுவியாயிற்று என்று எழுதுவார்கள். மெகாவாட் சமம், யூனிட் சமமல்ல. காற்று அடிக்கும் நேரத்தில்தான் ஆலை சுற்றும்.

ஒரு நிலையம், நான்கு வேலைகள்

1. ஆண்டு முழுவதும் யூனிட் உற்பத்தி செய்வது.
2. கேட்ட நேரத்தில், குறிப்பாக மாலை உச்சத் தேவையின்போது, தயாராக நிற்பது.
3. பல நூறு டன் எடையுள்ள சுழலியைச் சுற்றிக்கொண்டே இருந்து கிரிட்டின் (நிலையங்களையும் வீடுகளையும் இணைக்கும் மின்கம்பி வலையின்) அதிர்வெண்ணைத் தாங்குவது.
4. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், எரிபொருளை யார்டில், அதாவது நிலையத்தின் திறந்தவெளிக் கிடங்கில், குவித்து வைத்திருப்பது.

முதல் வேலையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். மற்ற மூன்றும் நிலையம் மூடிய பிறகே கண்ணில் படுகின்றன.

மூட வைத்தது எது?

2012-ல் பிரிட்டன் மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு ஏறக்குறைய 40 சதவீதம். 2023-ல் அது 1 சதவீத அளவுக்கு இறங்கியிருந்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இவ்வளவு வேகமாகச் சரிந்ததற்கு ஒரே சட்டம் காரணமில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த அடிகள்தான் காரணம்.

1. ஐரோப்பிய ஒன்றியத்தின் காற்று மாசு விதி. கந்தகத்தைப் பிடிக்கும் கருவியைப் பொருத்து, அல்லது 2008 முதல் 20,000 மணி நேரம் மட்டும் ஓடிவிட்டு 2015-க்குள் மூடு என்றது அது. டிட்காட்-ஏ, கிங்ஸ்நார்த், காக்கென்சி போன்ற பழைய நிலையங்கள் அப்படித்தான் போயின. ராட்கிளிஃப் கந்தகத்துக்கும் நைட்ரஜன் ஆக்சைடுக்கும் கருவி பொருத்திக்கொண்டது. கடைசி வரை தாக்குப்பிடித்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

2. கார்பன் வரி. ஐரோப்பியக் கார்பன் சந்தை (கரியமில வாயு வெளியிட அனுமதி வாங்கும் சந்தை) விலைக்கு மேல் பிரிட்டன் தன் பங்குக்கு ஒரு தீர்வையை 2013-ல் சேர்த்தது. அது படிப்படியாக ஏறி ஒரு டன் கரியமில வாயுவுக்கு 18 பவுண்டில் நின்றது. நிலக்கரியில் ஒரு யூனிட் எடுத்தால் சுமார் 900 கிராம் கரியமில வாயு வெளிவரும். நல்ல கேஸ் நிலையத்தில் அதில் பாதிகூட வராது. எனவே ஆயிரம் யூனிட்டுக்கு நிலக்கரி மேல் ஏறக்குறைய 16 பவுண்டு, கேஸ் மேல் 7 பவுண்டு என்று வரிச்சுமை விழுந்தது. மின்சந்தையில் மலிவானது முதலில் ஓடும். 9 பவுண்டு வித்தியாசம் வரிசையைத் தலைகீழாக்கப் போதுமானதாக இருந்தது.

3. தேதி. 2025-க்குள் நிலக்கரியை நிறுத்துவோம் என்று 2015 நவம்பரில் அரசு அறிவித்தது. பிறகு 2021-ல் அதை 2024 அக்டோபருக்கு முன்தள்ளியது.

மூன்றில் இரண்டாவதுதான் பெரிய அடி என்பது என் கணிப்பு. 2015-ல் சுமார் 22 சதவீதமாக இருந்த நிலக்கரிப் பங்கு 2016-ல் 9 சதவீதத்துக்கு வந்தது. ஒரே ஆண்டில் புதிதாக எந்த நிலையமும் கட்டி முடிக்க முடியாது. ஏற்கெனவே கட்டிப் பாதி நேரம் சும்மா கிடந்த கேஸ் நிலையங்கள் ஓடின. கேஸின் பங்கு அதே ஆண்டில் 30 சதவீதத்தை ஒட்டிய இடத்திலிருந்து 42 சதவீதத்துக்குப் போனது. வரி மாறியது, நிலக்கரி உட்கார்ந்தது. "எல்லாம் கேஸ்தான்" என்று சொல்பவர்கள் இந்த ஒரு வருடத்தைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள்.

முதல் வேலை: யூனிட்

அதற்குப் பிந்தைய ஆண்டுகளின் கதை வேறு. 2024-ல் பிரிட்டன் உற்பத்தியில் காற்றாலை மட்டும் 30 சதவீதத்தை ஒட்டி வந்தது. புதுப்பிக்கத்தக்க வகைகள் எல்லாம் சேர்ந்து பாதியைத் தாண்டின. கேஸும் 30 சதவீதத்தை ஒட்டியே இருந்தது, அதாவது 2016 உச்சத்திலிருந்து நன்றாக இறங்கியிருந்தது. முதலில் கேஸ் இடத்தைப் பிடித்தது, பிறகு காற்று கேஸையும் கொஞ்சம் நகர்த்தியது.

காற்றாலை வளர்ந்தது ஒரு ஒப்பந்த முறையால். ஏலத்தில் ஒரு விலையை ஒப்புக்கொள்கிறார்கள். சந்தை விலை அதற்குக் கீழே போனால் மீதி நிறுவனத்துக்குக் கிடைக்கும். மேலே போனால் நிறுவனம் திருப்பித் தர வேண்டும். விலை உறுதியானதால் வங்கிகள் குறைந்த வட்டிக்குக் கடன் தந்தன. 2015-ல் நடந்த முதல் ஏலத்தில் கடல் காற்றாலைக்கு ஆயிரம் யூனிட்டுக்கு 120 பவுண்டு அளவில் இருந்த விலை, 2022 ஏலத்தில் 37.35 பவுண்டுக்கு வந்தது (இரண்டும் 2012 விலைமதிப்பில்). மறு ஆண்டு இரும்பும் வட்டியும் ஏறியிருந்தன. அரசு வைத்த உச்சவரம்பு கட்டுப்படியாகாமல் ஒரு கடல் காற்றாலைகூட ஏலம் கேட்கவில்லை. 2024-ல் வரம்பை உயர்த்திய பிறகே திரும்பி வந்தார்கள். காற்றாலை விலை இறங்கிக்கொண்டே போகும் என்று நேர்கோடு போட்டுக் கணக்குப் பார்ப்பவர்கள் இந்த ஏலத்தை மறந்துவிடுகிறார்கள்.

இதில் அதிகம் பேசப்படாத இரண்டு விஷயங்கள்:

ஒன்று, மின்தேவையே குறைந்தது. 2005 வாக்கிலிருந்து பார்த்தால் பிரிட்டனின் மின்தேவை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிவிட்டது. எல்இடி விளக்கு, மேம்பட்ட குளிர்பெட்டி ஒரு பக்கம். கனரகத் தொழிற்சாலைகள் நாட்டைவிட்டுப் போனது மறு பக்கம். நிலக்கரி தந்த யூனிட்டில் ஒரு பகுதியை யாரும் ஈடுசெய்யவே தேவை வரவில்லை.

இரண்டாவது, யார்க்ஷயரில் உள்ள டிராக்ஸ். ஒரு காலத்தில் நாட்டின் மிகப்பெரிய நிலக்கரி நிலையம். அதன் ஆறு அலகுகளில் நான்கை 2013-க்கும் 2018-க்கும் இடையில் மரத்துகள் உருண்டைக்கு மாற்றினார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் மரத்தை அரைத்து உருண்டையாக்கிக் கப்பலில் கொண்டுவந்து எரிக்கிறார்கள். மரம் திரும்ப வளரும் என்ற கணக்கில் இது புதுப்பிக்கத்தக்க மின்சாரப் பட்டியலில் சேர்ந்து மானியமும் பெறுகிறது. மரத்தை எரிக்க ஒரு நாள் போதும், அது திரும்ப வளரப் பல பத்தாண்டு வேண்டும் என்ற எதிர்வாதம் எனக்கு வலுவாகவே படுகிறது. "புதுப்பிக்கத்தக்கவை பாதிக்கு மேல்" என்ற தலைப்பைப் படிக்கும்போது அதற்குள் இந்த மரமும் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது வேலை: மாலை ஆறு மணி

குளிர்கால மாலையில் பிரிட்டனில் நாலு, நாலரைக்கே இருட்டிவிடும். சோலார் பூஜ்யம். எல்லோரும் வீடு திரும்பி அடுப்பையும் ஹீட்டரையும் போடும் நேரம். அப்போது காற்றும் இல்லையென்றால் ஆண்டுக் கணக்கில் எத்தனை யூனிட் உற்பத்தியானது என்பதால் பயனில்லை.

இந்த வேலையை நாலைந்து பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள். கேஸ் நிலையங்கள் பெரும்பங்கு. அவை தயாராக நிற்பதற்கே தனியாகப் பணம் தரும் ஏலத்தை 2014-ல் தொடங்கினார்கள். ஓடாவிட்டாலும் காசு, அழைத்து வராவிட்டால் அபராதம். அடுத்தது கடலடிக் கேபிள்கள்: நார்வேயிலிருந்து 720 கிலோமீட்டர் நீளத்தில் 1,400 மெகாவாட் கேபிள் 2021-ல் வந்தது, டென்மார்க்கிலிருந்து அதே திறனில் இன்னொன்று 2023 டிசம்பரில். பிரான்சுடன் 1986 முதலே இணைப்பு உண்டு. வேல்ஸ் மலைக்குள் குடைந்து கட்டிய டினோர்விக் நீரேற்று மின் நிலையம் 1984 முதல் ஓடுகிறது. இரவில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி, சில நொடிகளில் ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் தரும். பேட்டரிகள் ஓரிரு மணி நேரத்துக்குக் கைகொடுக்கின்றன.

மூன்றாவது வேலை: சுற்றிக்கொண்டிருப்பது

இதைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கிரிட்டின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ், அதாவது மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அலைகிறது. அனல் நிலையத்தின் டர்பைனும் ஜெனரேட்டரும் ஒரே தண்டில் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகின்றன. அந்தச் சுற்றுதான் 50 ஹெர்ட்ஸாக வெளிவருகிறது. நாட்டில் உள்ள இப்படிப்பட்ட இயந்திரங்கள் எல்லாம் கம்பி வழியே ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு ஒரே தாளத்தில் சுற்றுகின்றன. எங்காவது ஒரு நிலையம் திடீரென நின்றால் மற்றவற்றின் மேல் பாரம் ஏறும், வேகம் குறையும், அதிர்வெண் இறங்கும். காலை எடுத்த பிறகும் தையல் மெஷின் சக்கரம் சில சுற்று ஓடுகிறதல்லவா, அதுபோல இந்தக் கனத்த சுழலிகள் உடனே நின்றுவிடாமல் தங்களிடம் உள்ள வேகத்தைக் கிரிட்டுக்குக் கொடுக்கின்றன. இதை நிலைமம் என்பார்கள். அது வாங்கித் தரும் சில நொடிகளுக்குள் மற்ற நிலையங்கள் உற்பத்தியைக் கூட்ட வேண்டும்.

சோலார் பலகையில் சுற்றும் பாகமே இல்லை. நவீனக் காற்றாலை சுற்றுகிறது. ஆனால் இன்வெர்ட்டர் என்ற மின்னணுக் கருவி வழியாகக் கிரிட்டில் சேர்வதால் அந்தப் பூட்டு இல்லை. எனவே நிலக்கரி போகப் போக நிலைமமும் போகும்.

2019 ஆகஸ்ட் 9 மாலை பிரிட்டனில் மின்கம்பியில் இடி விழுந்தது. சில நொடிகளில் லிட்டில் பார்ஃபோர்ட் கேஸ் நிலையத்தின் உற்பத்தியும் ஹார்ன்சீ கடல் காற்றாலையின் பெரும்பகுதியும் அடுத்தடுத்து விழுந்தன. அதிர்வெண் 48.8-க்கு இறங்கியதும் தானியங்கிக் கருவிகள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளை வெட்டிவிட்டன. மின்சாரம் ஒரு மணி நேரத்துக்குள் திரும்பிவிட்டது. ரயில்கள்தான் இரவு வரை தவித்தன. நிலைமக் குறைவு மட்டுமே இதற்குக் காரணமில்லை. ஆனால் எவ்வளவு குறைந்த நேரத்தில் எல்லாம் நடந்து முடிகிறது என்பதை அது எல்லோருக்கும் காட்டியது.

நமக்குப் பக்கத்திலேயே இதைவிடத் தெளிவான உதாரணம் இருக்கிறது. 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை துணை மின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்கருவியில் பட்டதில் இலங்கை முழுவதும் இருண்டது. குரங்கை வைத்துக் கேலி நிறைய நடந்தது. ஆனால் ஒரு துணை நிலையக் கோளாறு ஏன் நாட்டையே சாய்த்தது? ஞாயிறு பகலில் தேவை குறைவு, வெயில் நல்ல வெயில், கூரை சோலார் அதிகம். சுற்றும் இயந்திரங்கள் குறைவாகவே இணைப்பில் இருந்ததால் தாங்கும் சக்தி போதவில்லை என்று இலங்கை மின்சார சபை பின்னர் விளக்கியது. அந்த அதிர்ச்சியில் நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தின் 300 மெகாவாட் அலகுகள் மூன்றும் நின்றுபோயின. அவை திரும்ப ஏறப் பல நாள் பிடித்தது; அடுத்தடுத்த நாட்களில் ஒன்றரை மணி நேர மின்வெட்டு. நிலக்கரி நிலையத்தின் பலவீனமும் இதில் தெரிகிறது. விழுந்தால் எழ நாளாகும்.

பிரிட்டன் இந்த வேலைக்கு எடுத்த வழி விசித்திரமானது. எரிபொருளே இல்லாமல் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும் இயந்திரங்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். 2020 ஜனவரியில் இதற்காக 32.8 கோடி பவுண்டு மதிப்பில் ஆறாண்டு ஒப்பந்தங்கள் போட்டார்கள். வேல்ஸின் டீசைட் கேஸ் நிலையத்தில் இருந்த ஜெனரேட்டரை எரிவாயு இல்லாமல், கிரிட் மின்சாரத்திலேயே சுற்றும்படி மாற்றினார்கள். ஸ்காட்லாந்தின் கீத் ஊரில் இதற்கென்றே புதிய சுழலிகள் நிறுவினார்கள். 2025-ல் பிளாக்ஹில்லாக்கில் 200 மெகாவாட் பேட்டரி ஒன்று இதே சேவையைச் சுற்றாமலே, இன்வெர்ட்டரைப் பழக்கி, தரத் தொடங்கியது. நான்கு வேலைகளில் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது என்று நான் துணிந்து சொல்வது இதை ஒன்றைத்தான்.

நான்காவது வேலை: யார்டில் கிடந்த கரி

ராட்கிளிஃபுக்குக் கடைசிக் கரி ரயில் 2024 கோடையில் வந்தது. 1,650 டன். நிலையம் முழு வேகத்தில் ஓடினால் இரண்டு மணி நேரத்துக்குத்தான் வரும். ஆனால் அதன் நல்ல காலத்தில் யார்டில் லட்சக்கணக்கான டன் மலைபோல் கிடக்கும். மழையில் நனைந்தாலும் வெயிலில் காய்ந்தாலும் மாதக்கணக்கில் கெடாது. குழாய் உடைந்தாலும், கப்பல் தாமதமானாலும், காற்று நின்றாலும் எரிக்கலாம்.

பேட்டரி மணிக்கணக்கு. டினோர்விக் முழு வேகத்தில் ஐந்தாறு மணி நேரம். கேபிள் மறுமுனையில் உள்ளவருக்கும் அதே குளிர், பல சமயம் அதே காற்றில்லா வானிலை. மிஞ்சுவது கேஸ். அதைச் சேமிக்க பிரிட்டனில் இருந்த பெரிய கடலடிக் கிடங்கான ரஃப் 2017-ல் மூடப்பட்டு, உக்ரைன் போருக்குப் பின் 2022-ல் ஓரளவு மட்டும் திறக்கப்பட்டது. அதே குளிர்காலத்தில் மூட வேண்டிய நிலக்கரி அலகுகளை "கொஞ்சம் பொறுங்கள்" என்று அரசு பணம் கொடுத்து நிறுத்திவைத்தது. 2023 மார்ச்சில் அவற்றை ஓட்டவும் நேர்ந்தது.

ராட்கிளிஃப் மூடிய பிறகு வந்த முதல் குளிர்காலத்தில், 2025 ஜனவரி 8 அன்று, சோதனை வந்தது. கடும் குளிர், காற்று மந்தம், சில நிலையங்கள் பழுதில். விளக்கு அணையவில்லை. ஆனால் சில கேஸ் நிலையங்களுக்கு ஆயிரம் யூனிட்டுக்கு 5,000 பவுண்டு அளவில் விலை கொடுத்தார்கள். சாதாரண நாளில் 100 பவுண்டே அதிகம். யார்டு இல்லாத நாடு அவசரத்துக்குக் கொடுக்கும் விலை அது.

2030-க்குள் 95 சதவீத மின்சாரத்தைக் கரியமிலம் குறைந்த வழிகளில் எடுப்பது பிரிட்டன் அரசின் இலக்கு. அந்தத் திட்டத்திலும் சுமார் 35,000 மெகாவாட் கேஸ் நிலையங்களை இடிக்காமல் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆண்டில் 5 சதவீதம் யூனிட் மட்டும் தருவதற்கு அவ்வளவு இயந்திரம்! நான்காவது வேலையின் கனம் அந்த எண்ணில் இருக்கிறது.

பில் குறைந்ததா?

இல்லை. மின்சந்தையில் கடைசியாக அழைக்கப்படும் நிலையத்தின் விலையே எல்லோருக்கும் விலை. பிரிட்டனில் அந்தக் கடைசி ஆள் பெரும்பாலும் கேஸ். காற்று இலவசமாக வீசினாலும் விலையைக் கேஸ் சொல்கிறது. அதோடு, ஸ்காட்லாந்தில் காற்று அதிகம், தெற்கே தேவை அதிகம், நடுவே கம்பி போதாது. அதனால் காற்றாலையை நிறுத்தச் சொல்லிப் பணம் கொடுத்துவிட்டு, தெற்கே கேஸ் நிலையத்தை ஓட்டவும் பணம் கொடுக்கிறார்கள். இரண்டும் பில்லில்தான் ஏறுகின்றன.

நெய்வேலியும் எண்ணூரும்

இங்கேயும் மூடியிருக்கிறோம். எண்ணூர் அனல் மின் நிலையம், 450 மெகாவாட், 2017 மார்ச்சில் நின்றது. 1962-ல் சோவியத் உதவியோடு தொடங்கிய நெய்வேலி முதல் அனல் மின் நிலையம், 600 மெகாவாட், 2020 செப்டம்பர் 30 அன்று முழுதாக மூடப்பட்டது. அதன் இடத்தை நிரப்பியது 500 மெகாவாட் அலகுகள் இரண்டு கொண்ட புதிய நெய்வேலி நிலையம். எரிபொருள் அதே பழுப்பு நிலக்கரி. பழைய இயந்திரம் போய்ப் புதிய இயந்திரம் வந்தது. ஒரு யூனிட்டுக்கு எரியும் கரி குறையும், நிலையத்தின் நான்கு வேலைகளும் நிலக்கரியிடமே இருக்கும். 2030-க்கு முன் நிலக்கரி அலகுகளை ஓய்வு கொடுக்க வேண்டாம் என்று மத்திய மின்சார ஆணையம் 2023 ஜனவரியில் அறிவுறுத்தியது.

பிரிட்டன் செய்ததை அப்படியே இங்கே செய்ய முடியாததற்கு இரண்டு காரணங்கள் வெளிப்படை. அங்கே தேவை சுருங்கியது; தமிழ்நாட்டில் 2024 மே 2 அன்று உச்சத் தேவை 20,830 மெகாவாட் என்ற புதிய உயரத்தைத் தொட்டது. அங்கே வடகடல் கேஸை நம்பிக் கட்டிய நிலையங்கள் தயாராக நின்றன. இங்கே அப்படி நிற்கும் கேஸ் இல்லை. நமக்குச் சாதகமும் உண்டு: நம் வெயில் அவர்களிடம் இல்லை, வெப்பத்தால் ஏறும் பகல் தேவைக்கு அந்த வெயிலே ஈடுகொடுக்கும். தென்மேற்குப் பருவக்காற்றில் ஆரல்வாய்மொழி, பாலக்காட்டுக் கணவாய்க் காற்றாலைகள் தரும் மின்சாரத்தைச் சில நாட்களில் முழுதாக வாங்கிக்கொள்ளக்கூட முடியாமல் போவதுண்டு.

இங்கே சிக்கல் சூரியன் மறைந்த பிறகு தொடங்கும் ஐந்தாறு மணி நேரம், அதாவது இரண்டாவது வேலை. கடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் 1980-களின் கடைசியிலிருந்து இருக்கிறது. நீலகிரியில் குந்தா நீரேற்றுத் திட்டம், 125 மெகாவாட் அலகுகள் நான்கு, நீண்ட காலமாகக் கட்டுமானத்தில் இருக்கிறது. தூத்துக்குடியில் 1979 முதல் அடுத்தடுத்து வந்த 210 மெகாவாட் அலகுகள் ஐந்தும் வயதாகிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் எதை எப்போது நிறுத்தலாம் என்பது, மாலை ஆறிலிருந்து பதினொன்று வரைக்கு மலையில் எவ்வளவு தண்ணீரையும் சமவெளியில் எவ்வளவு பேட்டரியையும் நிறுத்திவைக்கிறோம் என்பதைப் பொறுத்தது.